ரடிக்கல் பற்றி ஒரு வாக்குமூலம்

1. பாலத்தடிச் சோதனைச் சாவடி

அந்தச் சிப்பாய்க்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. ஆனாலும் என் கைப்பையில் இருந்த தட்டச்சுப் பிரதியின் முதல் பக்கத்தை வெளிச்சத்துக்குப் பிடித்து, எழுத்து எழுத்தாகக் கூட்டி, "ர-டி-கல்" என்று வாசித்துவிட்டார். ஆங்கிலத்தில் தீவிரவாதி என்ற பொருளும் உள்ள சொல். வாசித்ததும் முகம் மாறியது. பஸ்ஸால் இறங்கி வரிசையில் நின்ற மற்றவர்களை ஏறச் சொன்னார். என்னை மட்டும் ஓரமாக நிற்கச் சொன்னார்.

அப்போது நான் குண்டசாலையில் வாடகை வீட்டில் இருந்தேன். காலையில் பஸ் ஏறி, கண்டியில் மாறி, பேராதனைக்குப் போவேன். பல்கலைக்கழகத்தில் கணித விரிவுரையாளர். ஊர் யாழ்ப்பாணம். யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள். சோதனைச் சாவடி எனக்குப் புதிதல்ல. அடையாள அட்டையையும் பல்கலைக்கழக அட்டையையும் பஸ் பாலத்தை நெருங்கும்போதே கையில் எடுத்து வைத்துவிடுவேன். வழக்கமாக அதோடு முடிந்துவிடும். அன்று பையைத் திறக்கச் சொன்னார்கள்.

இன்னொரு சிப்பாய் வந்து பக்கங்களைப் புரட்டினார். எங்கள் துறையின் தட்டச்சு இயந்திரத்தில் கிரேக்க எழுத்து இல்லாதபடியால் அந்த இடங்களை வெறுமையாக விட்டு, பிறகு கறுப்புப் பேனையால் நானே நிரப்பியிருந்தேன். அவற்றைத்தான் அவர் உற்றுப் பார்த்தார்.

"இது தமிழா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"இல்லை. கிரேக்கம்."

"அதை ஆர் பேசுறது?"

கிரேக்கர்கள் என்று சொன்னேன். அது உதவவில்லை. அம்புக்குறிகள், பெரிய எழுத்துகள், வட்டத்துக்குள் வட்டம், எல்லாவற்றுக்கும் மேலே அந்தச் சொல். ஏறக்குறைய ஒவ்வொரு பக்கத்திலும் அது இருந்தது. அரை மணித்தியாலம் கழித்து ஒரு ஜீப்பில் என்னைப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். பஸ் எப்போதோ போய்விட்டது.

2. சண்டைக்குக் காரணமான மூன்றாம் நிபந்தனை

இதை வாசிக்கிற இளையவர்களுக்கு அந்தப் பிரதியில் என்ன இருந்தது என்று சொல்லியாக வேண்டும். கஷ்டமில்லை, கொஞ்சம் பொறுமை போதும்.

கூட்டவும் பெருக்கவும் கூடிய உறுப்புகள் கொண்ட தொகுதியை அட்சரகணிதத்தில், அதாவது அல்ஜிப்ராவில், வளையம் என்போம். சில வளையங்களில் தொல்லை தருகிற ஒரு பகுதி இருக்கும். அந்தப் பகுதி முழுவதையும் பூச்சியம் என்று கருதி அழுத்திவிட்டால், மிஞ்சுவது ஒழுங்காக நடந்துகொள்ளும். அப்படி அழுத்தப்படுகிற பகுதிக்குத்தான் ரடிக்கல் என்று பெயர். வேர் என்ற பொருளுள்ள பழைய லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அரசியலோடு ஒரு சம்பந்தமும் இல்லை. எது தொல்லை என்பதைக் கோட்பாடு சொல்லாது. நீங்கள் விரும்பிய ஒரு குணத்தைத் தெரிந்தெடுக்கலாம். தெரிந்தெடுத்த பிறகு சில நிபந்தனைகள் நிறைவேற வேண்டும், அவ்வளவுதான்.

யூனிவர்சல் அல்ஜிப்ரா என்பது இன்னும் ஒரு படி மேலே. கூட்டல், பெருக்கல் என்றுகூடக் குறித்துச் சொல்லாமல், ஏதோ சில செயல்கள் உள்ள எந்தத் தொகுதியையும் ஒரே முறையில் பார்ப்பது. அங்கே பூச்சியம் என்று ஒன்று இருக்கவேண்டிய கட்டாயமில்லை. ஆகவே ஒரு பகுதியைச் சுட்டிக்காட்டினால் போதாது. எந்த உறுப்பு எந்த உறுப்போடு சேர்த்து ஒன்றாகக் கருதப்படும் என்று முழுத் தொகுதியையும் வகுப்பு வகுப்பாகப் பிரித்துக் காட்ட வேண்டும். அந்தப் பிரிப்பைக் கொங்குருவன்ஸ் என்போம்.

இந்த வேலைக்கு நானும் சுனிலும் வந்தது எங்கள் விருப்பத்தால் மட்டுமல்ல. தமிழருக்கு எதிரான கலவரத்துக்குப் பிறகு துறையில் இருந்த தமிழ் விரிவுரையாளர்களில் பலர் திரும்பி வரவில்லை. சிலர் வெளிநாடு போய்விட்டார்கள். அவர்களோடு சில சிங்களவர்களும் போனார்கள். அட்சரகணிதம் தெரிந்தவர்கள் என்று கடைசியில் மிஞ்சியது நாங்கள் இருவர். சுனில் மாத்தறைப் பக்கத்தவர், என்னைவிட ஒரு வயது மூத்தவர், நல்ல மூளை, முன்கோபம். கப்பலில் வருகிற சஞ்சிகைகளை நூலகத்தில் முதலில் யார் எடுப்பது என்று ஆரம்பித்த பழக்கம், சேர்ந்து கட்டுரை எழுதுவதில் வந்து நின்றது. நாங்கள் பேசுவது ஆங்கிலமும் சிங்களமும் கலந்து, இங்கே என் தமிழில் எழுதுகிறேன்.

அந்தக் கட்டுரையில்தான் சண்டை. ரடிக்கலுக்கு இரண்டு நிபந்தனைகள் போதும் என்பது சுனிலின் கட்சி. ஒரு தொகுதியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது ரடிக்கலும் கூடவே போகவேண்டும். அழுத்தி முடித்த பிறகு மிஞ்சுவதில் ரடிக்கல் ஒன்றும் இருக்கக்கூடாது. இந்த இரண்டும் எந்தத் தொகுதிக்கும் பொருந்தும்.

நான் மூன்றாவதாக ஒன்று கேட்டேன். அழுத்தப்பட்ட பகுதியைத் தனியே எடுத்துப் பார்த்தால், அதுவும் முழுக்க முழுக்க ரடிக்கலாகவே இருக்கவேண்டும். இதைக் கேட்பதற்கு ஒவ்வொரு வகுப்பும் தானே ஒரு தொகுதியாக நிற்கவேண்டும். எல்லா இடத்திலும் அப்படி நிற்காது. ஒரு உறுப்பை அதனோடேயே சேர்த்தால் அதே உறுப்பு வருகிற தொகுதிகளில் நிச்சயம் நிற்கும். ஆகவே அந்த வகையை மட்டும் எடுத்துக்கொள்வோம் என்றேன்.

"ஒரு நிபந்தனையைக் காப்பாத்த அரைவாசி உலகத்தை வெளிய தள்ளுறீர் பரா" என்றார் சுனில். என் பெயரை அவர் அப்படித்தான் சுருக்கிக் கூப்பிடுவார்.

"நீங்கள் முழு உலகத்தையும் வைச்சுக்கொண்டு என்னத்தைச் சொல்லப்போறியள்?" என்றேன்.

அந்த வாரம் முழுக்க இருவரும் பேசவில்லை. என் வடிவத்தைத் தட்டச்சு செய்து, அவர் மேசையில் வைத்துவிட்டு வருவோம் என்றுதான் அன்று காலை எடுத்துக்கொண்டு போனேன்.

3. இரண்டு கதை

பொலிஸ் நிலையத்தில் என்னை ஒரு நீள மர வாங்கில் இருத்தினார்கள். அதே வாங்கின் மற்ற முனையில் ஒரு பெண் இருந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். பச்சைச் சீலை கசங்கிக் கிடந்தது. சிறிது நேரம் என்னைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"நீங்க தமிழாங்க மிஸ்?"

"ஓம்."

"நேத்து காலைல புடிச்சு வச்சாங்க. அடையாள அட்டைக்கு எழுதிப் போட்டு இன்னும் வரலங்க. பொறந்தது தோட்டத்துல, நாவலப்பிட்டிப் பக்கம். இங்க டவுன்ல புடவைக் கடைல வேல செய்றேன். அத சொன்னேன், யாருக்கும் வெளங்கல."

"இஞ்ச தமிழ் தெரிஞ்ச ஒருத்தரும் இல்லையோ?"

"ஒரு ஆளு இருக்காராம், லீவாம்."

பெயர் செல்வி என்றாள். மேலே கேட்பதற்குள் என்னை உள்ளே கூப்பிட்டார்கள்.

பொறுப்பதிகாரி ஐம்பதை நெருங்கியவர். தூக்கமில்லாத கண்கள். குரல் உயர்த்தவில்லை. பேசியதெல்லாம் சிங்களத்தில், நினைவில் இருக்கிறபடி எழுதுகிறேன்.

"மிஸ், இந்த ரடிக்கல் ஆர்?"

"ஆளில்லை சேர். கணிதத்தில ஒரு சொல்."

"இதில பரம்பரை எண்டு இருக்குது. வகுப்பு எண்டு இருக்குது. விரிவாக்கம் எண்டு இருக்குது." ஆங்கிலம் தெரிந்த யாரோ கீழே பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்திருந்தார்கள். கோடு போட்ட சொற்களை மட்டும் சேர்த்து வாசித்தால் எனக்கே பயமாகத்தான் இருந்தது.

எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளங்கப்படுத்தினேன். வகுப்பில் ஆங்கிலத்தில் படிப்பிப்பதை, சந்தைக்குப் போய் வரப் பழகிய சிங்களத்தில் சொல்வது லேசில்லை. நடுவில், அழுத்தப்படுகிற பகுதியைத் தனியே எடுத்தால் அதுவும் முழுக்க அதே குணத்தோடு இருக்கும், அதுதான் ரடிக்கல் என்றும் சொன்னேன். ஒரு கான்ஸ்டபிள் அதை வாக்குமூலமாக எழுதினார். ஹோமோமோர்பிசம் என்ற இடத்தில் பேனையை நிறுத்தி அதிகாரியைப் பார்த்தார். "கேட்கிற மாதிரியே எழுது" என்றார் அதிகாரி.

பிறகு முதல் பக்கத்தைக் காட்டினார். "இந்த ரெண்டாவது பெயர் சிங்களப் பெயரெல்லோ?"

"ஓம். சேர்ந்து எழுதுறவர். எங்கட துறைதான்."

துறைக்குத் தொலைபேசி எடுத்தார்கள். சுனில் வந்து சேர முக்கால் மணித்தியாலம் ஆனது. அவர் உள்ளே நுழைந்தபோது எங்களைப் பேச விடவில்லை. என்னை வெளியே வாங்குக்கு அனுப்பிவிட்டு, அவரைத் தனியே இருத்தி அதே கேள்வியைக் கேட்டார்கள். அதிகாரி தன் தொழில் தெரிந்தவர்.

மறுபடி என்னை உள்ளே கூப்பிட்டபோது அவர் முகம் இறுகியிருந்தது. இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்.

"மிஸ் சொன்னது, எடுத்து அமத்துற பகுதி முழுக்க அந்த மாதிரித்தான் இருக்கும் எண்டு. இவர் சொல்லுறார், அப்பிடி இருக்கத் தேவையில்லையாம், மிஞ்சுறது சுத்தமா இருந்தாச் சரியாம். ஒரே கட்டுரை, ரெண்டு கதை. ஆர் பொய் சொல்லுறது?"

இரண்டு பேரும் ஒரே மாதிரிச் சொல்லியிருந்தால் வீட்டுக்குப் போயிருப்போம். அந்த வாரச் சண்டை இங்கே வந்து நிற்கும் என்று யார் நினைத்தது? சுனில் ஏதாவது சமாளித்துவிடுவார் என்று அவரைப் பார்த்தேன். அவர் அதிகாரியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"இஞ்ச வந்தும் அந்த மூண்டாவது நிபந்தனையையா சொன்னீர்?"

"பின்னே? கேட்டதுக்கு உண்மையைச் சொன்னனான்."

"அது உண்மையில்லை. அது உம்மட விருப்பம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வாக்குமூலத் தாள் ஒன்றைத் திருப்பி, அதிகாரியிடம் "சேர், பேனை ஒருக்கா" என்று வாங்கினேன். அவர் தந்தார். ஒரு வட்டம் கீறி, நாலே நாலு மணி உள்ள ஒரு மணிக்கூடு போட்டேன். பூச்சியம், ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றுக்குப் பிறகு ஒன்றைக் கூட்டினால் திரும்பவும் பூச்சியம்.

"உங்கட ரெண்டு நிபந்தனைக்கும் பொருந்திற ஒரு விதி எடுப்பம். ஒவ்வொண்டின்ட இரட்டிப்பும் ரடிக்கல். இதில எவை?"

"பூச்சியமும் இரண்டும்."

"அதை அமத்துங்கோ."

"மிஞ்சுறது ரெண்டு வகுப்பு. அதில எதை இரட்டிச்சாலும் பூச்சியம். சுத்தம். என்ர ரெண்டு நிபந்தனையும் சரி."

"இப்ப அந்தப் பூச்சியத்தையும் இரண்டையும் மட்டும் வெளிய எடுத்துத் தனிய வையுங்கோ. அதே விதியை அதுக்குப் போடுங்கோ."

சுனில் தாளைத் தன் பக்கம் இழுத்தார். "இரண்டின்ட இரட்டிப்பு நாலு. நாலு இந்த மணிக்கூட்டில பூச்சியம். ஒண்டும் வராது."

"அப்ப, தனிய நிண்டா அதில ஒரு குற்றமும் இல்லை. பிறகு என்னத்துக்கு அந்த இரண்டை எடுத்தனீங்கள்?"

"குற்றம் எண்டு நான் சொல்லேல்லை பரா. முழுசுக்குள்ள வைச்சுப் பாத்தா அது இரட்டிப்பு. தனிய பாத்தா இல்லை. ரெண்டும் உண்மை. என்ர கவலை மிஞ்சுறதைப் பற்றித்தான். எடுத்தது எப்பிடி இருக்குதெண்டு பாக்கிறது என்ர வேலையில்லை."

கான்ஸ்டபிள் எழுதுவதை எப்போதோ விட்டுவிட்டார். அதிகாரி தாளைத் தன் பக்கம் திருப்பி அந்த மணிக்கூட்டைப் பார்த்தார். இரண்டு என்ற இலக்கத்தின் மேல் விரலை வைத்தார்.

"இதை ஆர் தெரிஞ்செடுத்தது?"

"விதி" என்றேன்.

"விதியை?"

"நாங்கள்தான், சேர்."

தலையசைத்தார். பிறகு பிரதியை எடுத்து, பக்கங்களைத் தட்டி ஒழுங்காக்கி, என்னிடம் நீட்டினார்.

"பொய் சொல்ல வாறவை கதையை ஒண்டாக்கிக்கொண்டுதான் வருவினம். நீங்கள் ரெண்டு பேரும் பொலிஸுக்குள்ள இருக்கிறதையே மறந்து சண்டை பிடிக்கிறியள். போங்கோ."

4. வாங்கின் மற்ற முனை

வெளியே வந்தோம். செல்வி அதே இடத்தில் இருந்தாள். எங்கள் கையில் பிரதியைக் கண்டதும் எழும்பப் பார்த்து, திரும்ப இருந்துவிட்டாள்.

சுனில் படியில் இறங்கிவிட்டார். "வாரும் பரா. அவர் மனம் மாறுறதுக்கு முதல் போயிடுவம்."

போயிருக்கலாம். எனக்கும் பயம்தான். ஒருமுறை விட்டவர்கள் மறுமுறையும் விடுவார்கள் என்று என்ன நிச்சயம்? ஆனால் ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் நானே கேட்ட கேள்வி, தனியே நின்றால் குற்றமில்லாததை என்னத்துக்கு எடுத்தீர்கள் என்றது, என்னைப் போக விடவில்லை. ஒரு இலக்கத்துக்காக அவ்வளவு கத்தியிருக்கிறேன்.

"அந்தப் பிள்ளை நேற்றிலயிருந்து இருக்கிறாள். ஒருத்தரும் அவளிட்ட ஒண்டும் கேக்கேல்லை" என்றேன்.

"உமக்குத் தெரியுமோ அவளை?"

"இல்லை."

சுனில் படியில் நின்று யோசித்தார். பிறகு மேலே ஏறி வந்தார். "சரி. நீர் கதையும். நான் பக்கத்தில நிக்கிறன்."

அதிகாரி எங்களைத் திரும்பக் கண்டதில் சந்தோஷப்படவில்லை.

"என்ன, நாலாவது நிபந்தனையோ?"

"சேர், வெளியில ஒரு பிள்ளை இருக்கிறா. அவவின்ட வாக்குமூலம் எடுத்தாச்சோ?"

"அட்டை இல்லாத ஆக்களை நிப்பாட்டச் சொல்லி உத்தரவு. அவ உங்கட சொந்தமோ?"

"இல்லை. இண்டைக்குத்தான் கண்டது. அவ சொன்னது இஞ்ச ஒருத்தருக்கும் விளங்கேல்லையாம். நான் மொழிபெயர்க்கிறன். அவவைத் தனிய எடுத்து ஒருக்கால் கேளுங்கோ. பிறகு உங்கட முடிவு."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபப்படுகிறாரா, களைத்துப்போயிருக்கிறாரா என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை. பிறகு கான்ஸ்டபிளிடம் புதுத் தாள் எடுக்கச் சொன்னார்.

செல்வி உள்ளே வந்து, இருக்கச் சொல்லியும் கதிரையில் இருக்காமல் நின்றபடியே சொன்னாள். பிறந்த தோட்டம், அப்பா இறந்தது, கிராம சேவகரிடம் மூன்று தரம் போனது, கடை, தங்கியிருக்கும் அறை. ஒவ்வொரு வசனமாக நான் சிங்களத்தில் சொல்ல, கான்ஸ்டபிள் எழுதினார். நடுவில் அவள் என்னிடம் மட்டும் திரும்பி, "கடைக்குத் தெரியாதுங்க மிஸ். சொல்லாம நின்னுட்டேன்னு மொதலாளி வேற ஆள வச்சிருப்பாரு" என்றாள். அதையும் மொழிபெயர்த்தேன். அதைச் சொல்லத் தேவையில்லை என்று அவள் நினைத்திருக்கலாம். அதிகாரி முதல் முறையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தது அப்போதுதான்.

"முதலாளி வந்து சொல்லட்டும். பாப்பம்" என்றார்.

கடையைத் தேடிப் போனது சுனில். முச்சக்கர வண்டியில் போய், முதலாளியைக் கையோடு கூட்டிவந்தார். தொப்பி போட்ட, தாடி நரைத்த முஸ்லிம் பெரியவர். வந்ததும் செல்வியைப் பார்த்துத்தான் முதலில் பேசினார்.

"என்ன புள்ள, நேத்துலேந்து ஒன்னயக் காணாம நாங்க தேடிட்டு ஈக்கிறோம். ஊருக்குப் போய்ட்டாய்னு நெனச்சன்."

பிறகு அதிகாரியிடம் சிங்களத்தில் தன் கடை, அவள் வேலைக்கு வந்த காலம் எல்லாம் சொன்னார். பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டார். அட்டை வரும்வரை வாரத்துக்கு ஒருமுறை வந்து போகவேண்டும் என்ற நிபந்தனையோடு செல்வியை விட்டார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. முதலாளி எங்கள் எல்லாரையும் பக்கத்துக் கடைக்குக் கூட்டிப்போய்ப் பிளேன்டீயும் பணிஸும் வாங்கித் தந்தார். செல்வி இரண்டு பணிஸ் சாப்பிட்டாள். நேற்றிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரியவந்தது.

என்னை யாரும் அடிக்கவில்லை, ஏசவில்லை. பெயருக்குப் பின்னால் பட்டம் இருந்தது, தொலைபேசி எடுத்தால் வருவதற்கு ஒருவர் இருந்தார். இவை இல்லாமல் அந்த வாங்கில் இருந்தவர்கள் பலர். அவர்களில் ஒருத்திக்குத்தான் எங்களால் ஏதோ செய்ய முடிந்தது. அதையும் பெரிதாகச் சொல்லிக்கொள்ள எனக்கு உரிமையில்லை.

5. கட்டுரை வெளியான விதம்

இருவரும் பேராதனைக்குப் பஸ் ஏறினோம். கெட்டம்பே தாண்டிய பிறகு சுனில் சொன்னார்.

"எடுத்தது எப்பிடி இருக்குதெண்டு பாக்கிறது என்ர வேலையில்லை எண்டு சொன்னன் எல்லோ. அந்த இடத்தில அதைச் சொல்லேக்க என்ர காதுக்கே ஒரு மாதிரி இருந்தது."

"கணிதமாச் சொன்னா நீங்கள் சொன்னது பிழையில்லை" என்றேன்.

"தெரியும். அதுதான் பிரச்சினை."

துறையில் சிலர் அந்தச் சொல்லையே மாற்றச் சொன்னார்கள். ஏன் வில்லங்கம், வேறு ஒரு பெயர் வையுங்கள் என்றார்கள். என் கணவர் ஒருபடி மேலே போய், நாங்களும் அங்கே போய்விட, கனடாவில் இருக்கிற தன் தமையனுக்கு எழுதலாமா என்று கேட்டார். இரண்டு இரவு நித்திரை வராமல் யோசித்தேன். போகவில்லை. தைரியம் என்று சொல்லமாட்டேன். பாதியில் நிற்கும் ஒரு கட்டுரை, பரீட்சைக்கு இருக்கும் மாணவர்கள், சுனிலோடு முடியாத சண்டை. இவற்றை விட்டுப் போக மனம் வரவில்லை. சொல்லையும் மாற்றவில்லை. வீட்டில் ஒரு தாளில், இது கணிதக் கட்டுரை என்று மூன்று மொழியிலும் எழுதி, துறைத் தலைவரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, பிரதிக்கு மேலே குத்திவைத்துக்கொண்டு திரிந்தேன்.

கட்டுரை இரண்டு பகுதியாக வெளியானது. முதற்பகுதியில் சுனிலின் இரண்டு நிபந்தனைகள், எல்லாத் தொகுதிகளுக்கும். இரண்டாம் பகுதியில் என் மூன்றாவது நிபந்தனை, அது நிற்கக்கூடிய தொகுதிகளுக்கு மட்டும். இரண்டுக்கும் நடுவில் அந்த நாலு மணி மணிக்கூடு. அதைப் போடச் சொல்லி வற்புறுத்தியவர் சுனில். கட்டுரையைப் பரிசீலித்தவர், இது மிக எளிய உதாரணம், தேவைதானா என்று கேட்டு எழுதினார். தேவை என்று சுனில் ஒரு வரியில் பதில் போட்டார்.

செல்விக்கு மறு வருஷம் அட்டை வந்தது. கடைக்குப் புடவை எடுக்கப் போனபோது அவளே எடுத்துக் காட்டினாள். படம் நன்றாக விழவில்லை என்று குறைப்பட்டாள்.

நான் சொல்ல வந்தது இதுதான். தொழிலில் ஒரு விதியை வகுத்து எதையாவது விலக்க வேண்டிய நேரம் எல்லாருக்கும் வரும். மிஞ்சியது சுத்தமாக இருக்கிறதா என்று பார்ப்பது சுலபம். எல்லாரும் அதைத்தான் பார்ப்பார்கள். விலக்கியதையும் ஒருமுறை தனியே எடுத்து வைத்து, அதே விதியால் அளந்து பாருங்கள். சுனில் இதை ஒப்புக்கொள்ளமாட்டார். தேற்றம் ஆட்களைப் பற்றிப் பேசவில்லை பரா என்பார். அவர் சொல்வது சரி. தேற்றம் பேசவில்லை. யாராவது ஒருவர் திரும்பி உள்ளே போய்த்தான் பேச வேண்டியிருக்கிறது.